கட்டிலுக்குத் தெற்கே இரண்டடி

டாக்டர் அனந்தநாராயணன் நல்லவர் என்பதற்கு ஊரில் நிறையச் சாட்சிகள் இருந்தார்கள். கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் சைக்கிளை விட்டு இறங்கிப் பதில் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் மறுபடி ஏறுவார். இரண்டு வயதுப் பிள்ளையின் நூல் போன்ற நரம்பில் ஒரே குத்தில் ஊசி ஏற்றுவதற்கு அவரைப்போல் கைநிதானம் உள்ளவர் கொள்ளிடத்துக்கும் கோடியக்கரைக்கும் நடுவே கிடையாது என்று மருந்துக்கடைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். இப்பேர்ப்பட்ட மனிதருக்கு உலகத்தில் ஒரே ஒரு வகை விரோதிகள்தான் இருந்தார்கள். பெற்றோர்கள்.

அவர் பொறுப்பில் இருந்தது அரசாங்க ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டு. இருபத்திநாலு கட்டில். வாசலில் குறுக்கே தேங்காய்நார்க் கயிறு ஒன்று, தாம்புக்கயிறு கனத்துக்கு. பிள்ளையைப் பெற்றவர்கள் தினமும் மாலை நாலு மணிக்குக் கயிற்றைத் தாண்டி உள்ளே வரலாம். ஐந்து மணிக்கு வெளியே போய்விட வேண்டும். மற்ற வார்டுகளில் நோயாளிக்கு இரண்டு பேர் கட்டிலுக்கடியில் படுத்துக் குறட்டை விட்டார்கள். குழந்தைகள் வார்டில் மட்டும் ஈ நுழைவதற்கும் டாக்டரின் சம்மதம் தேவைப்பட்டது.

கிருமி பரவும் என்று காரணம் சொல்வார். அது வெளிக்காரணம். உள்காரணம் குத்தாலத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

அனந்தநாராயணனின் அப்பா கல்யாணம் ஐயர் ஏழு வேலி மிராசு. ஒரு வருஷம் பஞ்சநதம் என்ற வாரக்குடி வந்து தோப்பு ஓரத்தில் ஒரு குடிசை போட்டுக்கொள்ள அனுமதி கேட்டான். வைக்கோல் காவலுக்கு, ஒரே ஒரு போகத்துக்கு. ஐயரும் பெரிய மனசு பண்ணித் தலையாட்டினார். வைக்கோலை மாடு தின்றது. பஞ்சநதம் இருந்தான். கல்யாணம் பண்ணிக்கொண்டான், மூன்று பிள்ளை பெற்றான், முருங்கை நட்டான். அதற்குள் சென்னையில் ஆட்சி மாறி, குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சட்டமும் வந்துவிட்டது. ஐயர் தாவா போட்டார். முன்சீப் கோர்ட்டில் தோற்றார், சப் கோர்ட்டில் தோற்றார், தோற்பதில் நல்ல தேர்ச்சி வந்த சமயத்தில் காலமானார்.

இதிலிருந்து மகன் கற்றுக்கொண்டது நில விஷயமே அல்ல. மனிதர்கள் வைக்கோல் என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள் என்பதைக் கற்றுக்கொண்டார். வார்டு வாசலில் ஒரு தாய் நின்று, "பிள்ளை அழுவுதுங்க, ஒரே ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துடறேன்" என்று கெஞ்சினால், அவர் கண்ணுக்கு அவள் பின்னால் ஒரு முருங்கைமரம் தெரியும்.

எழுபத்திமூன்றாம் வருஷம் தை மாதம் அந்தக் கயிற்றடிக்கு ராமாயி வந்து சேர்ந்தாள். கீழ்வேளூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் அறுவடைக் கூலிக்காரி. அந்தச் சமயம் கீழ்ப்பக்கம் முழுக்க மிராசுக்கும் சங்கத்துக்கும் கூலித் தகராறு. கதிர் முற்றி நின்றது, அரிவாள் ஓலையில் செருகிக் கிடந்தது. சங்கக் கிளைக்குத் தலைவன் அவள் புருஷன் மாரியப்பன். அவனைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் நாலு நாள் ஆகியிருந்தது. ராமாயி நாலு வயது மகள் கமலவல்லியைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். பிள்ளையின் கழுத்து மாட்டுக் கழுத்தாக வீங்கி, உதடு நாவற்பழ நிறத்துக்கு வந்திருந்தது. தொண்டை அடைப்பான்.

டாக்டர் பிள்ளையை வாங்கினார். வாங்கிய ஏழாவது நிமிஷத்தில் கழுத்தில் குரல்வளைக்குக் கீழே ஓட்டை போட்டு, வளைந்த வெள்ளிக் குழாய் ஒன்றைச் செருகினார். புஸ்ஸென்று காற்று போய் வந்தது. உதடு சிவந்தது. அவர் கையைப் பற்றி மருந்துக்கடைக்காரர்கள் சொன்னது பொய்யில்லை.

பிறகு கை கழுவிக்கொண்டு, அதே கையால் ராமாயிக்கு வாசலைக் காட்டினார்.

"அஞ்சு அடிச்சாச்சு. வெளியே போ."

"முழிச்சா என்னைத் தேடுமுங்க."

"தேடட்டும். சிஸ்டர் இருக்காங்க."

"அவங்களுக்கு இருபத்திநாலு பிள்ளை. எனக்கு ஒண்ணு."

"எனக்குக் கணக்கு சொல்லித்தர வந்தியா?"

"உங்களுக்கு யாரு சொல்லித்தர முடியும், டாக்டரு?" என்றாள் ராமாயி.

அவளுடைய அம்மாவாக இருந்தால் 'சாமி' என்றிருப்பாள். மாமியாராக இருந்தால் 'ஐயா' என்றிருப்பாள். 'டாக்டரு' என்பதில் மரியாதை எத்தனை வீசம் என்று அனந்தநாராயணன் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, கயிற்றைத் தானே இழுத்துக் கொக்கியில் மாட்டினார்.

அந்தக் குழாயில் ஒரு சங்கடம் உண்டு. மூச்சு குரல்வளைக்குப் போகாமல் கழுத்து ஓட்டை வழியாகவே போய் வருவதால் பிள்ளைக்குச் சத்தம் வராது. கமலவல்லி அழுதால் முகம் மட்டும்தான் அழும். அந்த வார்டின் நிர்வாகமோ முழுக்க முழுக்க அழுகையால் நடந்துவந்தது. எந்தக் கட்டிலில் அலறல் அதிகமோ அங்கே சிஸ்டர் கமருன்னிஸா ஓடுவார். இருபத்திமூன்று பிள்ளைகளுக்கு மனுக் கொடுக்கும் வசதி இருந்தது. இருபத்திநாலாம் கட்டிலுக்கு இல்லை. சளி வந்து குழாயை அடைத்தால் அந்தப் பிள்ளை யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் இரண்டு மூன்று நிமிஷத்தில் செத்துப்போகும்.

மறுநாள் காலையில் அப்படிப் போகவும் பார்த்தது. வார்டின் மேற்கு ஜன்னலுக்கு வெளியே, கழிவுநீர்க் கால்வாயில் ஒரு காலும் செங்கல்லில் ஒரு காலுமாக ராமாயி நின்று கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் கழுத்துக்குழி உள்ளே இழுத்துக்கொண்டது. குதிகால் மெத்தையை உதைத்தது.

"நர்ஸம்மோவ்!"

நாலு வயலுக்கு அப்பால் நிற்கிற நடவாட்களைக் கூப்பிட்டுப் பழகிய குரல். கமருன்னிஸா கையிலிருந்த பாட்டிலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அந்தக் குழாய்க்குள் இன்னொரு மெல்லிய குழாய் இருந்தது. அதைத் திருகி, உருவி, அடைப்பைக் கழுவி, திரும்பச் செருகினார். பிள்ளை பிழைத்தது. சாயங்காலத்துக்குள் இதுபோல் நாலு தடவை அந்த உட்குழாயைக் கழற்றி மாட்டினார். நாலு தடவையும் ஜன்னல் கம்பிக்கு அந்தப்பக்கம் இரண்டு கண் இருந்தது.

"சார், அந்தப் பொம்பளைய உள்ள விடுங்க" என்றார் கமருன்னிஸா. பதினெட்டு வருஷ சர்வீஸ். டாக்டரிடம் பயப்படும் வயசைத் தாண்டியவர்.

"ஜன்னல்ல நிக்கிறதே ஆக்கிரமிப்பு."

"இந்தப் பிள்ளைக்கு மருந்து மாயம் எல்லாம் குடுத்தாச்சு. இனிமே அதுக்குத் தேவை ஒரு சோடிக் கண்ணு. என் கண்ணு ரெண்டும் மூணாம் நம்பர் கட்டில்ல வலிப்புப் பிள்ளைகிட்ட இருக்கு. நீங்க வந்து உக்காறீங்களா?"

"இன்னிக்கு உள்ள விட்டா நாளைக்கு எழுப்ப முடியாது, சிஸ்டர். உங்களுக்குத் தெரியாது இவங்கள."

"ஆமா சார். பெத்தவங்களப் பத்தி எனக்கென்ன தெரியும். நான் அஞ்சு பெத்திருக்கேன், அவ்வளவுதான்."

டாக்டர் இரவெல்லாம் யோசித்தார் என்று சொன்னால் அவருக்கு நியாயம் செய்ததாகும். பிள்ளை சாகக் கூடாது. அதேசமயம் எவரும் சுவாதீனமும் அடையக் கூடாது. மறுநாள் மத்தியானம் அரைத்தாள் காகிதம் ஒன்றோடும் மைப்பெட்டியோடும் வார்டு வாசலுக்கு வந்தார். கயிற்றுக்கு அந்தப்பக்கம் ராமாயியை வரவழைத்து, தானே எழுதியதைத் தானே படித்தார்.

"மேற்படி வார்டில் இருபத்திநாலாம் நம்பர் கட்டிலுக்குத் தெற்கே, ஜன்னலுக்குக் கிழக்கே, இரண்டடிக்கு நாலடி தரையில் குழந்தை குணமாகும் வரையில் மாத்திரம் உட்கார டாக்டர் அவர்களின் தயவால் அனுமதி பெற்றிருக்கிறேன். மேற்படி தரையின் பேரில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்விதப் பாத்தியதையும் கிடையாது. எழுந்திருக்கச் சொன்ன மாத்திரத்தில் ஆட்சேபணையின்றி எழுந்து, இடத்தைக் காலியாக ஒப்படைத்துவிடுவேன் என்று என் மனப்பூர்வமாக..."

"இதுல என்ன செய்யணும்?" என்றாள் ராமாயி.

"கட்டை விரலை வை. உள்ள போ. அவ்வளவுதான்."

ராமாயி கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

இங்கேதான் டாக்டர் ஒரு தப்புப் பண்ணியிருந்தார். தமிழ்நாட்டில் வேறு எந்த ஜில்லாத் தாயிடம் அந்தக் காகிதத்தை நீட்டியிருந்தாலும் பத்து விரலையும் வைத்துவிட்டு உள்ளே ஓடியிருப்பாள். ராமாயியின் தெருவில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மிராசு வீட்டுக் காரியஸ்தர் விதைநெல் கொடுப்பதாகச் சொல்லி முப்பது பேரிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார். மனையை மனப்பூர்வமாகக் காலி செய்து ஒப்படைத்தாகிவிட்டது என்று அந்தக் காகிதம் பிற்பாடு கோர்ட்டில் பேசியது. போலீஸ் வண்டியில் ஏறும்போது மாரியப்பன் பெண்டாட்டியிடம் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை. "எதுலயும் கைநாட்டு மட்டும் வச்சுடாத" என்றுதான் கத்தினான்.

"நான் வைக்கலீங்க" என்றாள்.

"எதுக்கு?"

"காலி பண்றேன்னு வருதே அதுல."

"ஏம்மா, இந்தத் தரையைத்தானே காலி பண்ணச் சொல்றேன்! உன் குடிசை எனக்கெதுக்கு?"

"மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

அது அனந்தநாராயணனுடைய வசனம். அதை ஒரு கூலிக்காரி தன் முகத்துக்கு நேரே சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்ததில்லை.

"உன் பிள்ளைக்காகத்தான் கேக்கறேன். வைக்கப் போறியா இல்லியா?"

"பிள்ளைக்காகன்னா கடுதாசி எதுக்கு? உள்ள விடுங்க, போறேன்."

"கைநாட்டு இல்லாம ஒரு காலை வைக்க முடியாது."

"வேணும்னா திருவாரூர்ல எங்க சங்கத்து ஆள் இருக்காரு. அவரு வந்து படிச்சுப் பாக்கட்டும்."

"படிச்சுப் பார்த்து? எனக்கு நோட்டீஸ் விடுவானா? விடச் சொல்லு!"

இப்படியாகக் கயிற்றின் இரு கரையிலும் நின்றுகொண்டு இரண்டு பேர் இரண்டடிக்கு நாலடி அரசாங்கச் சிமெண்டுத் தரைக்காக மல்லுக்கட்டினார்கள். அது இரண்டு பேருக்குமே சொந்தமில்லை என்பது எவருக்கும் ஞாபகம் வரவில்லை. கமருன்னிஸா மூணாம் நம்பர் கட்டிலில் வலிப்பு வந்த பிள்ளையைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, "இங்க என்ன பஞ்சாயத்து நடக்குதா, பிள்ளைங்க ஆஸ்பத்திரியா?" என்று கத்தினார். டாக்டருக்கு வார்டு முதுகுப்பக்கம் இருந்தது. ராமாயிக்கு நேரே இருந்தது.

அவள் பேச்சு பாதியில் நின்றது. கண் அவர் தோளைத் தாண்டிப் போனது. மூலைக் கட்டிலில் ஒரு குதிகால் மெத்தையை உதைத்தது.

அடுத்த நொடி கொக்கி பிய்ந்து கயிறு தரையில் கிடந்தது. மைப்பெட்டி ஒரு பக்கம் உருண்டது. அனந்தநாராயணன் மனசில் முதலில் வந்தது 'அத்துமீறல்' என்ற வார்த்தை. இரண்டாவதாகத்தான் கட்டில் ஞாபகம் வந்தது. இந்த வரிசையை அவர் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை.

அவர் போய்ச் சேருவதற்குள் ராமாயி குழாயின் விளிம்பைப் பிடித்து, நேற்று நாலு தடவை பார்த்தபடியே திருகி, உட்குழாயை உருவியிருந்தாள். கட்டைவிரல் நீளத்துக்குச் சளி அடைத்திருந்தது. புஸ்ஸென்று காற்று. பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்கியது. டாக்டர் காலால் மிதிக்கும் பம்பை இழுத்துப்போட்டு, ரப்பர் குழாயை விட்டு மிச்சத்தை உறிஞ்சினார். நாடியைப் பிடித்தார். சரியாக இருந்தது. சரியாக இருந்ததும் கோபம் வந்தது.

"யாரைக் கேட்டுத் தொட்ட?"

"உங்களைத் தேடினேன். நீங்க கடுதாசிக்குள்ள இருந்தீங்க" என்று சொல்லிவிட்டு, கட்டிலுக்குத் தெற்கே, ஜன்னலுக்குக் கிழக்கே, சப்பணம் போட்டு உட்கார்ந்தாள் ராமாயி.

காகிதத்தைக் கமருன்னிஸா பொறுக்கி எடுத்தார். நாலாக மடித்தார். பதினோராம் நம்பர் கட்டில் ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் காலுக்கடியில் செருகினார். அந்தப் பத்திரம் அதற்குமேல் வேறு எந்தக் கோர்ட்டுக்கும் போகவில்லை.

தோற்றவர்கள் எல்லைக்கல் நடுவார்கள். டாக்டர் மறுநாள் சாக்குக்கட்டி கொண்டுவந்து, தரையில் இரண்டடிக்கு நாலடி கோடு கிழித்தார். ராமாயி கோட்டுக்குள் உட்கார்ந்து, ஒரு பாதத்தை மட்டும் வெளியே வைத்துக்கொண்டாள். வந்தபோதெல்லாம் அவர் அந்தப் பாதத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தபோதெல்லாம் அவள் அதை நாலு விரற்கடை நகர்த்தினாள்.

ஆனால் உட்கார்ந்தவளுக்குத் தொழில் சொல்லித்தராவிட்டால் பிள்ளை போய்விடும். ஆகவே சொல்லித்தந்தார். வேறு எந்தப் பாடமும் அவ்வளவு வசவோடு கற்பிக்கப்பட்டிருக்காது.

"கையைச் சோப்புப் போட்டுக் கழுவினியா? காட்டு. இதுவா கழுவினது? இன்னொரு தடவை."

"தோலு வந்துடும் டாக்டரு."

"வரட்டும். உட்குழாயை வெந்நீர்ல எத்தனை நிமிஷம் போடணும்?"

"பத்து."

"யாரு சொன்னா பத்து?"

"நேத்து நீங்கதான்."

"சரி, பத்துதான். ரப்பர் குழாயை மெதுவா விடு. மெதுவான்னா மெதுவா! நாத்து நடறாப்பல அழுத்தற."

"நாத்தையும் யாரும் அழுத்த மாட்டாங்க. அழுத்தி நட்டா அழுவிப்போயிடும்." ராமாயி குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "மிராசு வீட்டுல இதெல்லாம் எப்படித் தெரியும்."

மிராசுக் கதையை அவளுக்குச் சொல்லியிருந்த கமருன்னிஸா திரும்பி நின்று மருந்து அலமாரியை ரொம்ப நேரம் துடைத்தார்.

பிறகு டாக்டர் பயந்தது நடந்தது. ஒன்பதாம் கட்டிலில் டைபாய்டு காய்ச்சலோடு ஒரு பையன். அவனுடைய அம்மா காமு டீச்சர், பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைக்கிறவள், டாக்டருக்கு ஒரு வழியில் தூரத்து உறவு. நாலு மணிக்கு உள்ளே வந்தவள் ஐந்து மணிக்கு எழுந்திருக்கவில்லை.

"காமு, மணியாச்சு."

"அந்த அம்மா உக்காந்திருக்காளே அண்ணா. அவளுக்கு ஒரு சட்டம், நேக்கு ஒரு சட்டமா?"

கைநாட்டு மறுத்தவளை உட்கார வைத்துவிட்டு, கையெழுத்துப் போடத் தயாராக இருப்பவளை எழுப்ப எந்தச் சட்டத்தில் இடம்? அந்த வாரத்துக்குள் பதினான்கு தாய்மார்களும், வெற்றிலை மெல்லக் கூடாது என்ற நிபந்தனையின்பேரில் மூன்று தகப்பன்மார்களும் உள்ளே வந்துவிட்டார்கள். ஒருத்தி பாலைக் கரண்டியால் புகட்டினாள். ஒருத்தி ஊசி குத்திய கையை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். ஒருத்தர் தன் பிள்ளைக்குச் சலைன் இறங்கும் சொட்டை எண்ணினார். பக்கத்துக் கட்டில் சொட்டையும் சேர்த்து எண்ணினார். அங்கே வேகமாக இறங்குகிறது என்று புகார் கொடுத்தார். அந்தப் புகார் சரியாகவும் இருந்து தொலைத்தது. வார்டில் அழுகை குறைந்தது. அனந்தநாராயணன் அந்த நிசப்தத்தை, கதவுக்கு அந்தப்பக்கம் கூட்டம் போட்டுப் பேசுகிறவர்களின் நிசப்தத்தைப்போலச் சந்தேகத்தோடு கவனித்தார்.

பன்னிரண்டாம் நாள். தொண்டைக்குள் இருந்த வெள்ளைச் சவ்வு உதிர்ந்து, வீக்கம் வடிந்துவிட்டது. இனிமேல் கழுத்துக் குழாயை எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன்னால் அதன் வாயை விரலால் மூடிப் பார்க்க வேண்டும். மூக்கு வழியாகப் பிள்ளை மூச்சு இழுக்கிறதா என்று தெரிய வேண்டும். பயந்துபோன பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு திமிறினால் காரியம் கெடும். திறந்த ஓட்டையோடு மறுபடி ஆபரேஷன் மேஜைக்குத் தூக்க நேரிடும். அதில் எல்லாப் பிள்ளைகளும் திரும்பி வருவதில்லை. இதை டாக்டர் ராமாயியிடம் ஒளிக்காமல் சொன்னார்.

"தாய் பக்கத்துல இருந்தா பிள்ளை பிகு பண்ணும். நீ வெளிய நில்லு."

"சரிங்க" என்றாள் ராமாயி. அவள் ஆட்சேபணையின்றி எழுந்தது அவருக்கே ஒருமாதிரியாக இருந்தது.

டாக்டர் விரலை வைத்தார். கமலவல்லி, அந்த விரலுக்குச் சொந்தக்காரரைப் பார்த்தாள். ஊசி போட்ட ஆள். அம்மாவை வைகிற ஆள். உடம்பை வில்லாக வளைத்தாள். உதடு கறுத்தது. அவர் விரலை எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடி எடுத்தார். அவர் நெற்றி வேர்வை பிள்ளையின் போர்வையில் சொட்டியது.

"கூப்பிடட்டுமா சார்?" என்றார் கமருன்னிஸா.

அவர் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு கட்டிலை விட்டு ஓரடி தள்ளி நின்றார். கமருன்னிஸா அதையே பதிலாக எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக் கையசைத்தார்.

ராமாயி வந்து கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். கோடு, எல்லை ஒன்றும் இல்லை, கட்டிலிலேயே. பிள்ளையை மடியில் சாய்த்தாள். சோப்பில் தேய்ந்து வெளுத்த சுட்டுவிரலை, மூக்குக் குத்துகிறவன் ஊசி வைப்பதுபோல் பதவிசாகக் குழாயின் வாயில் வைத்தாள். பிள்ளை கொஞ்சம்கூடத் திமிறவில்லை. மூக்கு விடைத்தது. நெஞ்சு ஏறியது, இறங்கியது, ஏறியது. உதடு சிவப்பாகவே இருந்தது.

ஒரு கணம் டாக்டருக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. அது பழக்கப்பட்ட விரல். பழக்கப்பட்ட பிள்ளை.

"இதை எப்ப ஆரம்பிச்ச?"

"அஞ்சு நாளாச்சு."

"யாரைக் கேட்டு?"

"ஒரு தடவ துடைக்கையில விரல் பட்டுச்சு. அம்மான்னு சத்தம் வந்துச்சு. அதுலேருந்து தெனம் நீங்க சாப்பிடப் போனதும் கொஞ்ச நேரம் வச்சுக்குவோம். பேசிக்குவோம்."

டாக்டர் கமருன்னிஸாவைப் பார்த்தார். கமருன்னிஸா மேல்கூரையைப் பார்த்தார். தன் வார்டில், தன் கட்டிலில், தன் நோயாளி ஐந்து நாளாகத் தன் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டிருக்கிறது! சங்கம் வைத்ததற்குச் சமம். அதற்காக அவளை எந்தப் பிரிவின் கீழ் வையலாம் என்று அவர் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, கமலவல்லி வாயைத் திறந்தாள். பன்னிரண்டு நாளில் அவர் முதல்முதலாகக் கேட்ட அந்தக் குரல் கரகரவென்று, ஆனால் வார்டு முழுக்கக் கேட்கும்படி வந்தது.

"அம்மா, இந்தாளு எப்பம்மா போவான்?"

பதினான்கு தாய்மாரும் மூன்று தகப்பன்மாரும் தங்கள் தங்கள் பிள்ளையைக் கவனிப்பதில் மும்முரமானார்கள். காமு டீச்சர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ராமாயி பிள்ளையைக் கண்டிப்பாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

"வேலை முடிஞ்சா போவாரு. பேசாம இரு" என்றாள்.

அனந்தநாராயணன் கழுத்து நாடாவை அவிழ்த்து, குழாயை உருவி எடுத்தார். ஓட்டையின் மேல் வலைத்துணியை மடித்து வைத்து ஒட்டினார். குழாய் எடுத்த பிள்ளையை டாக்டர் அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும் என்பது விதி. விதி விஷயத்தில் அவர் எந்தக் காலத்திலும் தளர்ந்தவர் இல்லை. முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

ராமாயி அவரை முறைத்தாள். அவர் ராமாயியை முறைத்தார். கமலவல்லி இரண்டு பேரையும் மாறி மாறி முறைத்துவிட்டு, மூக்கு வழியாக மூச்சு விட்டுக்கொண்டே தூங்கிப்போனாள்.